ரிப்பன் கட்டிய பாலம்

ரயில் பாதை போட்ட அன்றே இரண்டாகப் போன ஊர் ஒன்று இருந்தது. பாதைக்குக் கிழக்கே வீடுகள், மேற்கே சந்தையும் ஆஸ்பத்திரியும். நடுவில் ஒரு ரயில்வே கேட். ரயில் வரும்போது கேட் தன் இரும்புக் கையை இறக்கி, "நில்லுங்கள்" என்னும். ஊர் நிற்காது. குனிந்து அடியில் புகுந்து போய்விடும்.

அப்படிப் புகுந்து போனவர்களில் ஒருவர் ஆறுமுகக்கனி. அவருக்கு ஒரு கால் போயிற்று. அப்புறம்தான் ஊருக்கு உறைத்தது. ஜனங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்தவள் அவர் மனைவி மாடத்தி. போலீஸ் வந்து அதட்டியும் அவள் எழுந்திருக்கவில்லை. அந்தப் பிடிவாதத்துக்குப் பிறந்ததுதான் நடைமேம்பாலம்.

பாலத்துக்கு இந்தக் கதை தெரியும். வேலையாட்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுக் கேட்டே அது வளர்ந்தது. கடைசிக் கைப்பிடியையும் பற்றவைத்து முடித்த அன்று மாடத்தி வந்து அதன் தூணைத் தடவினாள். "நீ கொஞ்சம் முந்தி வந்திருக்கப்படாதா? எங்க வீட்டுக்காரவுக ரெண்டு காலோட நடந்திருப்பாவளே" என்றாள். அன்றிலிருந்து பாலத்துக்கு அவள்மேல் தனிப் பாசம். இவளுக்கு இனி ஒன்றும் ஆகக் கூடாது என்று நினைத்துக்கொண்டது. முதலில் இவள் பாதம்தான் தன்மேல் பட வேண்டும் என்றும் ஆசைப்பட்டது.

மறுநாள், சந்தைக்குப் போகிறவர்கள் ஏறும் படிக்கட்டுக்குக் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டினார்கள். பெரிய பதவியில் இருக்கிற ஒருவர் வந்து வெட்டித் திறந்துவைப்பதாக ஏற்பாடு. பந்தல் வந்தது, வாழைமரம் வந்தது, மேளம் வந்தது. பெரியவர் மட்டும் வரவில்லை. வேறு ஊரில் வேறு அவசரமாம். இன்னொரு நாள் வருவாராம். பந்தலைப் பிரித்தார்கள். வாழைமரத்தை ஆடுகள் தின்றன. ரிப்பன் அப்படியே இருந்தது.

ரிப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தாயா? ஓர் எலுமிச்சம்பழத்தின் கனம்கூட நான் இல்லை. இருந்தும் ஒருத்தர் என்மேல் விரல் வைக்கிறாரா?" என்றது.

"கொஞ்சம் அவிழ்ந்து கொடேன். ஜனங்கள் ஏறட்டும்" என்று கெஞ்சியது பாலம்.

"கத்தரிக்கோல் வரட்டும். எனக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒருநாள் காலை மணி அடித்தது. கேட் கையை இறக்கியது. முருங்கைக்காய்க் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாடத்தி ஓடிவந்தாள். கேட் கீப்பர் இசக்கிமுத்து கையிலிருந்த கொடியை ஆட்டிக் கத்தினார்.

"ஏ மாடத்தி, குனியாத! வண்டி வந்துட்டு!"

"அது வளைவுலதாம்ணே வருது. சந்தை கலைஞ்சிரும்லா."

"அதாம் பாலம் நிக்குல்லா, ஏறிப் போயேன்."

"நல்லாச் சொன்னிய! ரிப்பன் கட்டிக் கெடக்கே, தெரியல?"

இசக்கிமுத்து ரிப்பனைத் திரும்பிப் பார்த்தார். "அதுவுஞ் சரிதான்" என்றார்.

அவள் குனிந்து புகுந்தாள். ரயில், அவள் நினைத்ததைவிடக் கிட்டே வந்திருந்தது. அவள் அந்தப் பக்கம் விழுந்ததும் ரயில் கடந்ததும் ஒன்றாக நடந்தன. கூடை சிதறியது. முருங்கைக்காய்கள் சக்கரத்தில் நசுங்கின. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, மிஞ்சிய காய்களைப் பொறுக்கிப் போனாள். பாலத்துக்குத்தான் நெஞ்சு அடங்கவில்லை. அவளுக்காகவே பிறந்து, அவள் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவா வந்தோம் என்று அழுகை வந்தது.

"எனக்கு ஒன்று புரியவில்லை" என்று பாலம் கேட்டிடம் சொன்னது. "நீ இரும்பு. அது துணி. உன்னை மதிக்காதவர்கள் அதை ஏன் மதிக்கிறார்கள்?"

கேட்டுக்கு இந்தக் கேள்வி பல நாளாகவே உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது.

"என்னைத் தாண்டினால் அவர்கள் உயிர்தான் போகும்" என்றது. "அதைத் தாண்டினால் பெரியவருக்குக் கோபம் வருமே!"

பாலம் அன்றே ஒரு முடிவுக்கு வந்தது. ரயில் போகும்போதெல்லாம் அதன் உடம்பு அதிரும். ரிப்பன் கட்டிய கைப்பிடியில், அரத்தால் ராவி மழுக்காமல் விட்ட ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அதிர்விலும் பாலம் அந்த போல்ட்டை ரிப்பன்மேல் தேய்த்தது. "என்ன செய்கிறாய்? நான் யார் தெரியுமா?" என்று ரிப்பன் கூச்சல் போட்டது. பாலம் எக்ஸ்பிரஸில் தேய்த்தது, பாசஞ்சரில் தேய்த்தது. கடைசியில் ஒரு விடியற்காலை, நீளமான கூட்ஸ் வண்டி ஒன்று போனபோது ரிப்பன் இரண்டாக அறுந்து மண்ணில் விழுந்தது.

கீழே விழுந்த பிறகுதான் ரிப்பனுக்குச் சக்கரங்கள் தெரிந்தன. அதுவரை அது பந்தலையும் மேளத்தையும் தவிர வேறெதையும் நினைத்ததில்லை. ஒவ்வொரு சக்கரமும் தண்டவாளத்தை நெரித்துக்கொண்டு போவதைப் பார்த்தது. "இதற்குள்ளா இந்த ஜனங்கள் நுழைகிறார்கள்?" என்றது. பாலம், "ஆமாம்" என்றது. ரிப்பன் அதற்கப்புறம் தன் மரியாதையைப் பற்றிப் பேசவில்லை.

பொழுது புலர்ந்ததும் முதல் ஆளாக மாடத்தி வந்தாள். படிக்கட்டின் முன்னால் சட்டென்று நின்றாள். பாலம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. வழி திறந்து கிடந்தது. ஏறு தாயே, ஏறு என்று அதன் ஒவ்வொரு படியும் கெஞ்சியது.

மாடத்தி கூடையை இறக்கிவைத்தாள்.

"அடப் பாவிகளா, எவன் அறுத்தான் இத? பெரியவுக காதுல விழுந்தா இந்த ஊர்ப்பக்கமே வரமாட்டாவளே! பெறகு பாலத்த எப்பத் தொறக்க?"

அறுந்த இரண்டு முனைகளையும் எடுத்து மண்ணைத் தட்டினாள்.

"கட்டாதே தாயே!" என்று ரிப்பன் அலறியது.

அவள் காதில் அது விழவில்லை. இழுத்துப் பிடித்து முடிச்சுக்குமேல் முடிச்சாகப் போட்டாள். தெரியாத மாதிரி முடிச்சைப் பின்பக்கம் திருப்பிவிட்டாள். "நல்லவேளை, எங் கண்ணுல பட்டுது" என்று நிம்மதியாக மூச்சு விட்டாள்.

மணி அடித்தது. கேட் கையை இறக்கியது.

மாடத்தி கூடையை இடுக்கிக்கொண்டு குனிந்தாள்.