பதினோராம் எண் குழாய்

மரியநாயகத்துக்கு வயது நாற்பத்திரண்டு. பதினைந்து வருடம் மாட்டாஸ்பத்திரி டாக்டராக இருந்துவிட்டு, ஆராய்ச்சி செய்தே தீருவேன் என்று வேலையை உதறிவிட்டு வந்தவர். அவருடைய குரு நாச்சியம்மைக்கு அவரைவிட ஆறு வயது குறைவு. அதனாலென்ன, மூளைக்குள் சுரக்கிற ரசாயனத்தைப் பற்றி அந்தம்மா பேச ஆரம்பித்தால் எதிரே எவரும் வாய் திறக்க முடியாது.

செம்மறிப் பட்டிதான் அவர்களுடைய ஆய்வுக்கூடம். தாயில்லாக் குட்டியை வேறொரு ஆட்டிடம் விட்டால் முட்டித் தள்ளும். அதே ஆட்டின் மூளையில், ஈன்றதும் தாய்க்குச் சுரக்கிற ஆக்ஸிடோசின் ஒரு சொட்டு ஏற்றினால் போதும், கொஞ்ச நேரத்தில் அந்த அந்நியக் குட்டியை நக்கிக் கொடுத்துக்கொண்டு நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது மரியநாயகத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பிறகு பயம் பிடித்துக்கொண்டது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவருக்கும் மனைவி சலேத்துக்கும் பிள்ளை இல்லை. காப்பகத்தில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பார்த்து, தத்தெடுக்க எல்லாம் முடிவாகிவிட்டது. சலேத் தொட்டில்கூட வாங்கிவிட்டாள். நாளை சாயங்காலத்துக்குள் இவர் சம்மதக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். பேனாவை எடுத்தாலே கை பின்வாங்கியது.

கடைசியில் குருவிடம் கேட்டேவிட்டார்.

"மேடம், அந்த ஒரு சொட்டு எனக்குள்ள சுரக்கலேன்னா? அந்தப் பிள்ளைய நானும் முட்டித் தள்ளிட்டா?"

நாச்சியம்மை அவரைச் சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லி, ஊசியில் கொஞ்சம் ரத்தம் எடுத்தார். தாயைப் பறிகொடுத்த குட்டி ஒன்று மூலையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அதற்குப் புட்டிப்பால் கொடுக்கச் சொன்னார்.

மரியநாயகம் வேண்டாவெறுப்பாகத்தான் தூக்கினார். சனியன், சட்டையெல்லாம் நனைத்துவிட்டது. குடித்து முடித்து, அவர் கழுத்தில் மூக்கை வைத்துத் தூங்கியும் போனது. ஏனோ அவரும் இறக்கிவிடவில்லை. அந்தம்மா வந்து இன்னொரு தடவை ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை மரியநாயகத்தின் மேசைக்கு ரத்தம் நிரப்பிய பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்கள் வந்தன. எது யாருடைய ரத்தம் என்று சோதிக்கிறவருக்குத் தெரியக் கூடாது என்பது அங்கே கட்டாயம். எண் மட்டும்தான் ஒட்டியிருக்கும், பட்டியல் குருவிடம் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆக்ஸிடோசின் எவ்வளவு என்று மத்தியானம் வரை சோதித்து முடித்து, மூன்றாம் எண் குட்டியே போடாத ஆடு, ஒன்றும் இல்லை என்றார். பதினோராம் எண்ணுக்கு வந்ததும் குரல் மாறியது.

"இது இப்பதான் ஈன்றிருக்கு மேடம். குட்டி பக்கத்துல படுத்திருக்கறப்ப எடுத்த ரத்தம். எழுதியே தர்றேன்."

நாச்சியம்மை பட்டியலை நீட்டினார். மூன்றுக்கும் பதினொன்றுக்கும் நேராக மரியநாயகம் என்று எழுதியிருந்தது.

அவர் அதை மூன்று முறை படித்தார்.

"யாரு மேடம் எனக்கு அந்தச் சொட்டை ஏத்தினது?"

"யாரும் ஏத்தலை சார். நீங்க குட்டியத் தூக்குறப்ப அது இல்லை. தூக்கினதுக்கு அப்புறம்தான் வந்துச்சு."