கண் தெரியேல்லையோ?

“இந்த விசிலை நீங்களே வைச்சிருங்கோ பிள்ளை,” என்றார் குகதாசன். “எனக்கு இது சரிவராது.”

சாம்பவி குனிந்து ஸ்கேட் நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ஏன் அண்ணை, ஊதுதில்லையோ?”

“விசில் நல்லா ஊதும். நான்தான் ஊதேல்லை.”

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்தொன்பது.

டொராண்டோவுக்குக் கிழக்கே ஒரு நகரசபை ரிங்க், பனித்தள மைதானம். அங்கே ஞாயிறு காலையில் ஐஸ் ஹொக்கி ஆடுகிற சின்ன லீக் அது. ஆறு அணி. எல்லோரும் நம்மாட்கள். வேலை, பிள்ளை, கொலஸ்ட்ரோல் எல்லாம் உள்ளவர்கள். சாம்பவி பதினான்கு வயதிலிருந்து நடுவராக நிற்கிறாள். குகதாசன் நாற்பதைத் தாண்டிய பிறகு ஸ்கேட் பழகியவர். தபால் பிரிக்கிற நிலையத்தில் வேலை. புதன்கிழமைகளில் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம், எல்லா நாளும் வாய்.

அந்த வாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஆறு வருடமாக அவர் சாம்பவியிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுவந்தார். தன் அணிக்கு எதிராக அவள் ஊதும்போதெல்லாம் எழுந்து நின்று, மட்டையால் ஓரப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டி, ரிங்க் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்பார்.

“பிள்ளை, கண் தெரியேல்லையோ?”

இந்த வருடம் லீக்கில் நடுவர்களுக்குத் தட்டுப்பாடு. குகதாசனையே கேட்டுப் பாருங்கள் என்று யாரோ பகிடிக்குச் சொன்னார்கள். அவருக்கு ரோசம் வந்துவிட்டது. கையைத் தூக்கிவிட்டார்.

ஒருநாள் வகுப்பு. எழுத்துப் பரீட்சையில் தொண்ணூற்றிரண்டு. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையை மனைவி அயர்ன் பண்ணிக் கொடுத்தார். அயர்ன் தேவைப்படாத சட்டை அது. என்றாலும் பண்ணினார்.

முதல் ஆட்டத்தின் இரண்டாவது நிமிடத்திலேயே பக் அவர் காலடிக்கு வந்தது. பக் என்பது இவர்கள் மட்டையால் அடித்துத் திரிகிற கறுப்பு ரப்பர் வட்டு. அது வந்தால் நடுவர் விலகி வழிவிட வேண்டும். குகதாசன் விலகவில்லை. காலால் தட்டி அழகாக அருளின் மட்டைக்கு அனுப்பினார். அருள் அவருடைய அணிக் கூட்டாளி.

“நன்றி அண்ணை,” என்று சொல்லிவிட்டு அருள் பறந்தான்.

ரிங்க் சிரித்தது. அதோடு முடிந்திருந்தால் நல்ல பகிடிதான்.

“என்ன நடந்ததெண்டு சொல்லுங்கோ,” என்றாள் சாம்பவி, நாடாவை இறுக்கியபடியே.

“நீங்கள் அங்கைதானே நிண்டனீங்கள்.”

“நான் மற்றப் பக்கத்திலை நிண்டனான். நீங்கள் நிண்ட இடத்திலை இருந்து சொல்லுங்கோ.”

குகதாசன் வாங்கில் உட்கார்ந்தார்.

“நேசன் வலைக்கு முன்னாலை விழுந்து கிடந்தவர். பக் அவருக்குக் கீழை போயிட்டுது. மூண்டு பேர் சுத்தி நிண்டு மட்டையாலை கிண்டினவங்கள்.”

“உங்களுக்குப் பக் தெரிஞ்சதோ?”

“இல்லை.”

“சட்டம் என்ன சொல்லுது?”

“நடுவரின்ரை கண்ணுக்குப் பக் மறைஞ்சால் உடனை ஊத வேணும். பரீட்சையிலை பதினேழாம் கேள்வி. சரியாத்தான் எழுதினனான்.”

“பேந்து ஏன் ஊதேல்லை?”

“ஆருக்காவது தெரியும்தானே எண்டு நினைச்சன். நான் அவசரப்பட்டு ஊத, பக் வெளியிலை சும்மா கிடந்தால்? எல்லாரும் என்னைப் பாத்து...”

“பாத்து என்னெண்டு கேட்டிருப்பினம்?”

என்ன கேட்டிருப்பார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர் ஊதாமல் நின்றது மூன்று விநாடி. நாலாக இருக்கலாம். அதற்குள் வலை காக்கிற நேசனின் வலது கையில் இரண்டு விரல்கள் முறிந்தன.

நேசன் டயர்க் கடை வைத்திருப்பவர். நடந்தது ஒக்டோபர் கடைசி. நவம்பர் வந்ததும் இந்த ஊரில் எல்லோரும் கோடை டயரைக் கழற்றி ஸ்னோ டயர் பூட்ட ஓடுவார்கள். நேசனுக்கு வருடத்தின் பெரிய வேலை அந்த ஒரு மாதம்தான். இந்த வருடம் அவர் கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

குகதாசனின் கார் இன்னும் கோடை டயரில்தான் ஓடியது. பதினொரு வருடமாக நேசனிடம்தான் மாற்றுவார். இப்போது அங்கே போக முகம் இல்லை. வேறு கடைக்குப் போகவும் மனம் கேட்கவில்லை.

“இந்தாங்கோ விசில்,” என்றார்.

சாம்பவி எழுந்து நின்றாள். கையை நீட்டவில்லை.

“அண்ணை, ஆறு வருசமா நீங்கள் என்னட்டை ஒரு கேள்வி கேக்கிறனீங்கள்.”

அவருக்கு முகம் சுட்டது.

“அது சும்மா கத்துறதுதானே பிள்ளை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“மன்னிப்புக் கேக்கச் சொல்லேல்லை. ஒருநாளாவது பதிலுக்கு நிண்டனீங்களோ?”

“அதுக்கு ஆர் பதில் சொல்லுவினம்?”

“நான் ஒவ்வொருமுறையும் சொன்னனான்,” என்றாள். “உங்களுக்குத்தான் கேக்கேல்லை.”

ரிங்கின் கதவைத் திறந்துகொண்டு பனித்தளத்தில் இறங்கிவிட்டாள்.

அதன் பிறகு நான்கு ஞாயிறும் குகதாசன் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்து அவள் ஆட்டம் நடத்துவதைப் பார்த்தார். அவள் சொன்ன பதில் எது என்று தேடினார். அவள் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஊதினாள், கையைக் காட்டினாள், ஓடினாள். அவளைப் பார்த்தும் கத்தினார்கள். அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு, ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, உடை மாற்றும் அறைக்கு அவரைக் கூப்பிட்டாள். தரையில் ஒரு பக்கை வைத்தாள். அதன் மேல் முகம் துடைக்கிற ஈரத் துவாய் ஒன்றைப் போட்டு மட்டையால் அங்கும் இங்கும் இழுத்தாள். பக்கத்தில் இரண்டு பெரிய பைகள் கிடந்தன.

“பக் எங்கை?”

“துவாய்க்குக் கீழை.”

தூக்கிக் காட்டினாள். இல்லை.

“பாத்தனீங்களோ?”

“இல்லை. அங்கைதான் எண்டு நினைச்சன்.”

மறுபடி இழுத்தாள்.

“எங்கை?”

“அந்தப் பைக்குப் பின்னாலை.”

அங்கேயும் இல்லை.

“பாத்தனீங்களோ?”

“நினைச்சன்.”

மூன்றாம் முறை அவளுடைய பொக்கெற்றில் என்றார். அது அவர் கழற்றிவைத்திருந்த சொந்தச் சப்பாத்துக்குள் இருந்தது. குகதாசனுக்குக் கோபம் வந்தது. நாற்பத்தொன்பது வயதில், ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி ஆறிக்கொண்டிருக்க, ஒரு துவாயைப் பார்த்துக்கொண்டு இருப்பது என்ன விதி என்று யோசித்தார். நாலு, ஐந்து, ஆறு. ஒருமுறை சரியாகச் சொன்னார். அதற்கும் அவள் அதே கேள்வியைத்தான் கேட்டாள்.

“பாத்தனீங்களோ?”

“இல்லை. ஆனா சரிதானே.”

அவள் மறுபடி துவாயை இழுத்தாள்.

ஒன்பதாம் முறை அவருக்கு அலுத்துப்போனது.

“எங்கை?”

“தெரியாது.”

அந்தச் சொல் வாயைவிட்டுப் போன அதே கணத்தில் சாம்பவி ஊதினாள். மூடிய அறை. காது இரண்டும் கிண்ணென்றன. குகதாசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“என்னத்துக்குப் பிள்ளை இப்ப ஊதினனீங்கள்?”

அவள் பக்கை எடுத்துப் பைக்குள் போட்டு சிப்பை இழுத்து மூடினாள்.

“ஸ்னோ டயர் பூட்டியாச்சோ அண்ணை?”

“இன்னும் இல்லை.”

“வாற ஞாயிறு ஒன்பது மணிக்கு ஆட்டம். என்னோடை நீங்கள் நிக்கிறீங்கள். நேசண்ணை திரும்பி விளையாட வாறார்.”

“என்னாலை ஏலாது.”

“உங்கடை பேர் போட்டாச்சு.”

அந்தக் கிழமை முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. வேலையில் இரண்டு பெட்டியை மாற்றி வேறு ஊருக்கு அனுப்பினார். கைகழுவும்போதெல்லாம் தன் விரல்களைப் பார்த்தார். சனிக்கிழமை மத்தியானம் கோடு போட்ட சட்டையை எடுத்து வெளியே வைத்தார், பிறகு உள்ளே வைத்தார், பிறகு வெளியே வைத்தார்.

“என்னப்பா, செத்தவீட்டுக்குப் போற மாதிரி இருக்கிறியள்?” என்றார் மனைவி.

“நேசன் வாறார்,” என்றார்.

ஞாயிறு காலை ஸ்னோ கொட்டியது. ரிங்க் வாசலில் பிரேக் பிடித்தபோது கார் கேட்கவில்லை. பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய், குவித்துவைத்த ஸ்னோவில் மூக்கைப் புதைத்து நின்றது.

பத்தடி தள்ளி, தன் வான் வண்டியிலிருந்து பையை இறக்கிக்கொண்டிருந்தார் நேசன். அவர் காரைப் பார்த்தார். டயர்களைப் பார்த்தார். குகதாசனைப் பார்த்தார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

குகதாசன் காரைப் பின்னுக்கு எடுக்கப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பிப் போகலாம் என்றுதான் நினைத்தார். கார் வெளியே வரவில்லை.

ஆட்டம் தொடங்கியது. இந்தமுறை அவர் பக்கைக் காலால் தட்டவில்லை. வந்தபோது விலகினார். சில தரம் ஊதினார், பெரிய பிழையில்லை. ஆனால் நேசன் நிற்கிற வலைப் பக்கம் பக் போகும்போதெல்லாம் விசிலை வாய்வரை கொண்டுபோய் இறக்கினார்.

கடைசி நிமிடம். அருளின் அணி, அதாவது குகதாசனின் சொந்த அணி, ஒரு கோல் பின்னால். சமப்படுத்தினால் அடுத்த சுற்று. இல்லாவிட்டால் இந்த வருடம் முடிந்தது.

அருள் அடித்தான். பக் நேசனின் காலில் பட்டுக் கீழே விழுந்தது. நேசன் அதன் மேல் விழுந்தார். மூன்று பேர் பாய்ந்து வந்தார்கள். மட்டைகள் இறங்கின.

குகதாசன் ஆறடி தூரத்தில் நின்றார்.

பக் எங்கே? நேசனின் நெஞ்சுக்குக் கீழே என்று நினைத்தார். இல்லை, காலுக்குக் கீழே. இல்லை, இடது பக்கம். அருளுக்குத் தெரிகிறது போல, அதனால்தான் கிண்டுகிறான். நேசனின் வலது கை பனியில் விரிந்து கிடந்தது. அதன் மேல் ஒரு மட்டை உயர்ந்தது.

“தெரியாது,” என்றது குகதாசனின் வாய்.

ஊதினார்.

உயர்ந்த மட்டை அப்படியே நின்றது. எல்லோரும் நின்றார்கள். பக் மட்டும் நிற்கவில்லை. நேசனின் முழங்காலுக்கும் கம்பத்துக்கும் இடையால் மெல்ல உருண்டு வெளியே வந்து, கோட்டைத் தாண்டி, வலைக்குள் போய்ப் படுத்தது.

இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. குகதாசனுக்கும் தெரிந்தது.

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஊதிய பிறகு போனது கோல் இல்லை.

அவருடைய அணி முழுக்க எழுந்தது. பலகையில் மட்டைகள் அடித்தன. மற்றப் பக்கத்தில் சாம்பவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கிட்ட வரவில்லை.

அருள் வந்தான். ஹெல்மெட்டோடு ஹெல்மெட் முட்டுகிற தூரத்தில் வந்து நின்றான்.

“பக் உள்ளுக்கை கிடக்குது. அங்கை பாருங்கோ. அண்ணை, உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?”

ஆறு வருடம் தன் வாயிலிருந்து போன கேள்வி. குகதாசன் அதை முழுதாகக் கேட்டார்.

“ஓம், தெரியேல்லை,” என்றார். “அதுதான் ஊதினனான்.”

அருள் மட்டையை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனான்.

நேசன் இன்னும் பனியில் முழங்காலில் இருந்தார். வலது கையுறையைக் கழற்றினார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார், விரித்தார். கையுறையைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

ஆறு கிழமைக்குப் பிறகு அவர் குகதாசனிடம் பேசினார்.

“அண்ணை, நாளைக்குக் காலமை காரைக் கொண்டுவாங்கோ.”