மணல் படத்துக்கு ஒரு முள்

சதுப்புக் காட்டு விலங்குகளுக்கு ஒரே ஒரு வழிப்படம் இருந்தது. மருத மரத்தடி மணலில் அதை வரைந்து வைத்திருந்தன. எங்கே கால் வைக்கலாம், எங்கே வைத்தால் புதையும் என்று அதைப் பார்த்துத்தான் எல்லாமே சேற்றைக் கடக்கும். மழைக்காலத்தில் சேறு இடம் மாறிக்கொண்டே இருக்கும். மாற்றத்தைக் கண்டவர் பழைய படத்தை வாலால் அழித்துவிட்டு, முழுசாகப் புதிது வரைய வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

ஒரு நாள் காலையில் நீர்நாயும் கீரியும் படத்தைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போயின. நாணல் பக்கம் புதிதாக ஒரு புதைகுழி இருப்பதை நீர்நாய் கண்டது. ஓடி வந்து, படத்தை அழித்து, குழியையும் சேர்த்து வரைந்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டது.

தாழம்புதர் பக்கம் முதலை படுத்திருப்பதைக் கீரி கண்டது. அதுவும் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"கீரி அண்ணே! ஒரு தடவை பார்த்துட்டு அழிங்க!" என்றது மரத்திலிருந்த மைனா.

"காலையிலதான் பார்த்தேனே! எல்லாம் என் மண்டைக்குள்ள அப்படியே இருக்கு!"

கீரிக்குத் தன் ஞாபகசக்தி மேல் அவ்வளவு பெருமை! சர்ரென்று வாலைச் சுழற்றியது. படத்தில் முதலை வந்தது. புதைகுழி போயே போய்விட்டது.

சற்று நேரத்தில் முள்ளம்பன்றி தன் குட்டியோடு வந்து படத்தைப் பார்த்தது. நாணல் பக்கம் ஆபத்தே இல்லை! முன்னால் துள்ளிப் போன குட்டி, தொபுக்கென்று கழுத்துவரை சேற்றில் இறங்கியது.

"ஐயோ, என் புள்ள!"

அலறல் கேட்டு நீர்நாயும் கீரியும் பாய்ந்து வந்தன.

"எங்க பிடிச்சாலும் குத்துதே!" என்று கீரி காலை உதறியது. கடைசியில் நீர்நாய் ஒரு கொடியை வீசியது. குட்டி அதைப் பல்லால் கவ்விக்கொள்ள, மூன்றும் சேர்ந்து இழுத்துக் கரை சேர்த்தன.

"நான் குழியை வரைஞ்சேன்!"

"நான் முதலையை வரைஞ்சேன்!"

இரண்டும் சொன்னது உண்மைதான். ஆனால் ஒன்று வரைந்ததை மற்றது பார்க்காமலே அழித்ததில் ஓர் உயிர் போகப் பார்த்தது!

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" என்ற தாய் முள்ளம்பன்றி, தன் முள் ஒன்றை உதிர்த்துப் படத்தின் ஓரத்தில் நட்டது. "இனிமே படத்தை மாத்தணும்னா முதல்ல இந்த முள்ளை எடுக்கணும். எடுத்த பிறகுதான் பார்க்கணும், அப்புறம் வரையணும், முடிச்சதும் இங்கேயே நடணும். முள் இல்லைன்னா யாரா இருந்தாலும் காத்திருக்கணும்!"

மறுநாள் வேறொரு மாற்றத்தை வரையக் கீரி வந்தபோது முள் நீர்நாயின் கையில் இருந்தது.

"சீக்கிரம்! எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

"தெரிஞ்சா என்ன? நில்லுங்க!"

கீரி முணுமுணுத்துக்கொண்டே நின்றது. முள் கைக்கு வந்ததும் வேண்டாவெறுப்பாகப் படத்தைப் பார்த்தது. கல்மேட்டு வழியில் நீர்நாய் அப்போதுதான் ஒரு புதைகுழியை வரைந்திருந்தது. கீரியின் மண்டைக்குள் இருந்த படத்தில் அது நல்ல வழி. மாலையில் கீரியின் குட்டிகள் வீடு திரும்புவதும் அந்த வழியாகத்தான்.

"என்னை நிக்க வச்சியே, நீ நல்லா இருப்பே!" என்று நீர்நாயிடம் சொல்லிவிட்டு, படத்தை அழித்து, புதிய படத்தில் அந்தக் குழியையே முதலில் வரைந்தது கீரி.

பலருக்கும் பொதுவான ஒன்றைத் திருத்தப் போகிறவர், தன் முறை வரும்வரை பொறுத்திருந்து, அப்போது அது எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகே கைவைக்க வேண்டும்.