நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்து மூன்று

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்தொன்பது.

குருவின் பெயர் முப்பிடாதி. தெற்கே ஒரு மாவட்டத்தின் வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் கணினி நிரல் எழுதும் வேலை. சீடரின் பெயர் சவரிராயன். முப்பது வருட சர்வீஸில் பதினெட்டு வருடங்களாக அதே அறையில் குளங்களின் நீர்மட்டத்தை அட்டவணையில் ஏற்றிக்கொண்டிருந்தார். சர்வீஸ் எவ்வளவு என்று யார் கேட்டாலும் "இன்னும் ஒரு வருஷம்" என்பார்.

நரைத்த மீசையை வைத்துக்கொண்டு அவர் அந்தப் பெண்ணை "டீச்சர்" என்று கூப்பிட்டதைக் கேட்டு அறையே சிரித்தது. முதலில் அவரும் கேலியாகத்தான் ஆரம்பித்தார். பத்து நாளில் கேலி போய்விட்டது. டீச்சர் மட்டும் நின்றுவிட்டது.

அவர்கள் பொறுப்பில் நாற்பத்து மூன்று குளங்கள். குளத்துக்கு ஒரு காவலர். காலையும் மாலையும் நீர்மட்டத்தைப் பார்த்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்ப வேண்டும். எப்படி எழுத வேண்டும் என்று அச்சடித்த படிவமே உண்டு. அதை ஒருவரும் மதித்ததில்லை. ஒருவர் பூப்போட்ட காலை வணக்கத்துக்குக் கீழே அடியைச் சொல்வார். ஒருவர் எருமைகள் குளத்தில் இறங்கிய கதையை முழுக்கச் சொல்லிவிட்டுக் கடைசி வரியில் அடிக்கு வருவார். இன்னொருவர் தன் செல் நம்பரைத் தினமும் சேர்த்து அனுப்புவார், எங்கே தன்னை மறந்துவிடுவார்களோ என்று.

சவரிராயன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் படிப்பார். அடியை மட்டும் அட்டவணையில் தட்டுவார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. இனி மணிக்கொரு தடவை நீர்மட்டம் வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

"செத்தேன் டீச்சர்," என்றார் சவரிராயன்.

"கம்ப்யூட்டரைப் படிக்க வச்சிரலாம் சார். நீங்களே எழுதுங்க. நான் சொல்லித் தாரேன்."

அப்படித்தான் ரெஜெக்ஸ் என்ற வித்தை அவர் வாழ்க்கையில் நுழைந்தது. எழுத்துக்கூட்டத்துக்குள் இன்ன வடிவத்தில் எது இருந்தாலும் எடுத்து வா என்று கணினிக்குச் சொல்லும், குறிகளால் ஆன ஒரு வரி. அவ்வளவுதான் அது. பார்க்கிறவர்களுக்கு ஏதோ பூனை விசைப்பலகையில் நடந்துபோன மாதிரி இருக்கும்.

முதல் நாள் முப்பிடாதி மூன்றே குறிகளைத் தந்தார். `\d+`. ஓர் இலக்கம், அல்லது தொடர்ந்து வரும் பல இலக்கங்கள்.

சவரிராயன் ஓட்டிப் பார்த்தார். "12.5 அடி" என்ற செய்தியிலிருந்து பன்னிரண்டு தனியாகவும் ஐந்து தனியாகவும் வந்தன.

"புள்ளியைக் காணோமே டீச்சர்?"

"புள்ளியை நீங்க கேக்கலையே சார்."

புள்ளியையும் கேட்டு எழுதினார். மறுநாள் ஒரு குளத்தில் நீர்மட்டம் தொள்ளாயிரம் கோடி அடியைத் தாண்டியிருந்தது. காவலரின் செல் நம்பர்.

"அவ்வளவு தண்ணி இருந்தா நாம இங்க உக்காந்திருக்க மாட்டோம் சார்," என்றார் முப்பிடாதி. சிரிக்கவில்லை.

சவரிராயன் வீட்டுக்குப் போகும் பேருந்திலும் அதையே யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் சட்டைப் பையிலிருந்து பேருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார். அதன் பின்பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது:

`(\d+(\.\d+)?)\s*அடி`

"எண் வரணும். புள்ளி இருந்தா இருக்கட்டும், இல்லாட்டியும் சரி. இடைவெளி விட்டாலும் விடாட்டியும் சரி. ஆனா பின்னால 'அடி'ன்னு இருக்கணும். அப்பதான் அது தண்ணி. சரியா டீச்சர்?"

முப்பிடாதி அந்தச் சீட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் தெரிந்தது பொறாமையா சந்தோஷமா என்று சொல்ல முடியவில்லை.

"நல்லா இருக்கு சார்," என்றார்.

அவர் அப்படிச் சொல்லி அந்த அறையில் யாரும் கேட்டதில்லை.

சவரிராயன் ஆடி மாதத்துப் பழைய செய்திகளைப் போட்டுச் சோதித்தார். வணக்கம் உதிர்ந்தது. எருமைகள் உதிர்ந்தன. செல் நம்பர் உதிர்ந்தது. நாற்பத்து மூன்று செய்திகளில் நாற்பத்து மூன்று அடிகள் மட்டும் வரிசையாக வந்து நின்றன. பதினெட்டு வருடம் கண் வலிக்கச் செய்த வேலை ஒரு நொடியில் முடிந்ததைப் பார்த்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அதை ஒளிக்கவும் இல்லை.

அடுத்த நாள் மதியம் மூன்று மணிக்கு நிரல் முதன்முறையாக நிஜ வேலைக்கு வந்தது. பன்னிரண்டு மணி வரை அவர் கையால்தான் ஏற்றியிருந்தார்; நிரலைத் தயார் செய்ததில் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் வந்தவை ஏற்றாமல் விட்டுப்போயின. நிரம்புவதற்கு இன்னும் இரண்டடிக்குள் மட்டுமே பாக்கி இருக்கும் குளம் திரையில் சிவப்பில் தெரியும். மற்றதெல்லாம் பச்சை.

அந்த நேரத்தில் அறைக்குப் பொறுப்பான பொறியாளர் கதவருகே வந்து நின்றார். கையில் போன்.

"பக்கத்து மாவட்டத்துல நம்ம மணல்மூட்டை லாரியைக் கேக்காங்க. அங்க ஒரு கரை ஆட்டம் காணுதாம். நமக்குச் சிவப்பு இருக்கா?"

மாவட்டத்துக்கே இருந்தது அந்த ஒரு லாரிதான். மூட்டைகளும் ஒன்பது ஆட்களும் அதில் ஏறித் தயாராக இருந்தார்கள். போனால் மறுநாள்தான் திரும்பும்.

சவரிராயன் விசையைத் தட்டினார். செய்திகள் நாற்பத்து மூன்று. மாட்டியவை நாற்பத்து மூன்று. சிவப்பு எதுவும் இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். உறையில் வைத்து மூடினார். டப் என்று சத்தம் கேட்டது.

"டீச்சர், நாப்பத்து மூணுக்கு நாப்பத்து மூணு. ஒண்ணு விடல. இனிமே நான் செய்தியப் படிக்க வேண்டாம்லா?"

முப்பிடாதி திரையைப் பார்த்தார். தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"செய்தி ஒவ்வொண்ணையும் வாய்விட்டுப் படிங்க சார். நான் கேக்கேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏம்மா, கீழ லாரி டிரைவர் காத்துக் கெடக்காரு."

"அஞ்சு நிமிஷம் சார்."

சவரிராயனுக்கு முகம் சுருங்கிவிட்டது. தன் வரியை டீச்சர் நம்பவில்லை என்று நினைத்தார். கண்ணாடி உறையைத் திறந்து, தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி படிக்க ஆரம்பித்தார். "மதிய வணக்கம், மழை தூறல், 7 அடி." "எருமை இன்னைக்கு வரல, ஆறே கால்... இல்ல, 6.25 அடி." இருபது தாண்டியது. முப்பது தாண்டியது. பொறியாளர் போனைக் காதில் வைத்து "இதோ அனுப்புதேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"நெடுங்கரைக்குளம். மாடக்கண்ணு. மழ விடல. மேல உள்ள குளம் நெறைஞ்சு மறுகால் பாஞ்சு தண்ணி பூரா இங்கதான் வருது. கரை மேல நிக்கேன். இன்னும் 1.5 அடிதான் பாக்கி. வடக்கு மூலையில..."

அவர் குரல் நின்றது.

"படிங்க சார்," என்றார் முப்பிடாதி.

"வடக்கு மூலையில கசியுது."

பொறியாளர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "ஒன்றரை அடித் தண்ணிக்கு என்ன கசிவு? விடுங்க."

"இருக்கது ஒன்றரை இல்ல சார்." சவரிராயன் எழுந்து நின்றுவிட்டார். "நெறையதுக்கு ஒன்றரை. பதினாலடிக் குளம். பன்னெண்டரை நிக்கி."

அட்டவணையில் நெடுங்கரைக்குளத்துக்கு நேராக 1.5 என்று இருந்தது. பச்சையில். அந்தக் கரைக்குக் கீழே எண்பது வீடுகள்.

பொறியாளர் போனை அணைத்தார். படியில் அவர் இறங்கி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு லாரி கிளம்பும் சத்தம். அது நெடுங்கரைக்குளம் போகும் சாலையில் திரும்பியது.

சவரிராயன் குளக் காவலர் மாடக்கண்ணுவுக்கு போன் போட்டார். மழைச் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது.

"லாரி வருது மாடக்கண்ணு! ஆமா, படிவத்துல மொத்த அடியத்தானே எழுதச் சொல்லியிருக்கு? ஏன் பாக்கிய எழுதுனீரு?"

"நெறையப் போற நேரத்துல எவனாவது குளத்துத் தரையில இருந்து எண்ணுவானா சார்? கரை மேல நின்னு தண்ணி வரைக்கும் கம்ப விட்டுத்தான் பாக்கணும். உங்க சர்வீஸ் எவ்வளவுன்னு கேட்டா முப்பது வருஷம்னா சொல்லுதிய? இன்னும் ஒரு வருஷம்னுதான சொல்லுதிய!"

போன் வைக்கப்பட்டது.

சவரிராயன் நாற்காலியில் உட்கார்ந்தார். நிரலைத் திறந்து தன் வரியைத் தேர்ந்தெடுத்தார். விரல் அழிக்கும் விசைக்குப் போனது.

"எதுக்கு அழிக்கீங்க?" என்றார் முப்பிடாதி.

"பொய் சொல்லிட்டு டீச்சர்."

"அது பொய் சொல்லல. அடிக்கு முன்னால உள்ள எண்ணக் கேட்டீங்க. எடுத்துத் தந்துட்டு. இவ்வளவு சுத்தமா ஒரு வரி எழுத எனக்கு ஆறு மாசம் ஆச்சு சார். நீங்க பஸ் டிக்கெட்டுல எழுதிட்டு வந்தீங்க."

விரல் விசையிலிருந்து விலகியது.

"பதினெட்டு வருஷமா மழைக்காலத்துல பாக்கின்னு வந்தா என்ன செஞ்சீங்க?"

"முழு அடியில கழிச்சு ஏத்துவேன்."

"அத இதுக்குச் சொன்னீங்களா?"

சவரிராயன் தன் கையைப் பார்த்தார். "நான் கழிக்கேன்னு எனக்கே தெரியாதே டீச்சர். கண்ணு பாக்கும், கை எழுதிரும்." ஆடி மாதத்துச் செய்திகளை வைத்துச் சோதித்தது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. ஆடியில் குளத்தில் ஏது தண்ணீர்? எல்லோரும் குளத்துத் தரையிலிருந்துதான் எண்ணியிருப்பார்கள்.

முப்பிடாதி விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினார்.

சவரிராயன் எழுதினார். எண்ணும் அடியும் வந்த பிறகு அதே வாக்கியத்தில் "பாக்கி" என்றோ "குறைய" என்றோ "நிறைய" என்றோ வந்தால், அந்தக் குளத்தின் முழு அடியிலிருந்து கழி. "கசிவு" என்றோ "கசியுது" என்றோ எங்கே வந்தாலும், எண் என்னவாக இருந்தாலும், சிவப்பு. நான்கு வரிகள் ஆயின. நடுவில் ஒரு தடவைகூட முப்பிடாதி வாய் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை. அறையில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த மனிதரைப் பார்த்து ஒரு காலத்தில் சிரித்தோமே என்று சிலருக்கு வெட்கமாக இருந்தது.

ஐந்து மணிச் செய்திகள் வந்தன. அவற்றில் ஒன்று:

"நெடுங்கரைக்குளம். மாடக்கண்ணு. மூட்டை அடுக்கியாச்சு. கசிவு நின்னுட்டு. மறுகால் மடையத் தொறந்து விட்டிருக்கு. இன்னும் 1.75 அடி பாக்கி. கரை நிக்கி. டிரைவருக்கு டீ வாங்கிக் குடுத்தாச்சு."

"நல்லவேளை," என்றார் பொறியாளர். அவர் சட்டை முழுக்கச் சேறு. இந்த லாரி வராது என்று தெரிந்ததும் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் வேறோர் இடத்திலிருந்து மூட்டை வாங்கிவிட்டார்களாம். அதையும் அவரே சொன்னார்.

சவரிராயன் விசையைத் தட்டினார். நெடுங்கரைக்குளம் 12.25 என்று வந்தது. சிவப்பில். கசிவு நின்ற பிறகும் அது சிவப்பில் இருந்தது அவருக்குப் பிடித்திருந்தது. கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தார்.

பிறகு அவர் தன் குருவின் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். அந்தச் செய்திய நீங்களும் பாக்கல, நானும் பாக்கல. வரியிலயும் தப்பு தெரியல. அப்புறம் எப்படித் தப்பு இருக்குன்னு தெரிஞ்சுது?"

"எனக்கு எங்க சார் தெரியும்? நாப்பத்து மூணு பேர்ல ஒருத்தர்கூட விலகலன்னீங்க. நம்ம ஆளுங்க இத்தன வருஷமாப் படிவத்துக்கே அடங்கல. உங்க வரிக்கு மட்டும் அடங்கிட்டாங்கன்னதும் எனக்குப் பயமாப் போச்சு."

சவரிராயன் திரையைப் பார்த்தார். செய்திகள் நாற்பத்து மூன்று. மாட்டியவை நாற்பத்து மூன்று.

உறையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.