ஆறாவது பானை

ஆறு சாயமாக ஓடிய ஓர் ஊரில் தண்ணீர் சோதிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் திலகமணி. கல்லூரி வேலையை விட்டுவிட்டுப் பழைய நெல் குடோன் ஒன்றில் கண்ணாடிக் குழாய்களோடு உட்கார்ந்துவிட்டவள். யார் எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று சொல்வாள். ஆறுதலாக ஒரு வார்த்தை கேட்டால் சொல்லமாட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு சீடர். குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு அறுபத்தொன்று.

ஆறுச்சாமி என்கிற அந்தச் சீடர் முப்பது வருடம் சாயப்பட்டறைகளை எதிர்த்துக் கொடி பிடித்தவர். பள்ளிக்கூடம் அவரை ஐந்தாம் வகுப்போடு வெளியே அனுப்பியது. மீதிப் படிப்பைத் துண்டறிக்கைகள் சொல்லிக்கொடுத்தன. ஆறு தடவை சிறைக்குப் போய்வந்தார். அவர் கொடுத்த மனுக்களை அடுக்கினால் ஆள் உயரம் வரும். வந்த பதில்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். ஊரில் எல்லோரும் அவரைத் தலைவரே என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதையாகச் சிலர், கேலியாகப் பலர். எவர் எப்படி என்பது அவருக்குத் தெரியும்.

நிலக்கடலை ஓட்டைக் காயவைத்து இடித்துச் சலித்தால் அந்தத் தூள் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதை அவர் திலகமணியிடம் கற்றார். எவ்வளவு தூளுக்கு எவ்வளவு சாயம் போகிறது என்று கட்டம் போட்ட தாளில் புள்ளி வைக்கவும் கற்றார். புள்ளிகளின் வழியாக ஒரு கோடு போட்டுவிட்டால், நாம் போட்டுப் பார்க்காத அளவுக்கும் அந்தக் கோடு விடை சொல்லும் என்று ஒருநாள் அவள் சொன்னாள். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பது வருடம் மேடையில் கத்தியும், இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றி அவர் சொன்ன எதையும் ஒருவரும் நம்பியதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"முடிச்சாச்சுங்க அம்மணி."

"என்னத்தைங்க?"

"ஊர்க் கவலையை."

தாளை மேசையில் விரித்தார். ஐந்து புள்ளிகள். ஐந்தையும் தொட்டுக்கொண்டு ஒரு கோடு ஏறி, மேலே போகப் போகப் படுத்தது.

"அஞ்சு புதுப் பானை. ஒவ்வொண்ணுலயும் ஒரு குடம் கிணத்துத் தண்ணி. ஒரு கரண்டித் தூள்ல ஆரம்பிச்சு அஞ்சு கரண்டி வரைக்கும். அரை நாள் ஊற வெச்சு, வேட்டித் துணிய நாலா மடிச்சு வடிகட்டினேன். ஒரு கரண்டிக்கு நூத்துக்கு எழுபத்தொண்ணு சாயம் போச்சு. அஞ்சு கரண்டிக்கு எம்பத்தெட்டு. தாலுகா ஆபீசர் முன்னால ஒரு டம்ளர் குடிச்சே காட்டிட்டேன்."

"வயிறு?"

"முப்பது வருசமா இதைக் குடிச்ச வயிறுங்க. அது புதுசா என்ன சொல்லப்போகுது?"

அவர் இன்னொரு காகிதத்தையும் எடுத்து வைத்தார். தாலுகா ஆபீசில் தட்டச்சு செய்தது. ஆறுச்சாமி அவர்கள் கண்டறிந்த முறையில் கிணற்று நீர் சுத்தமாவதால், கருக்கன்காட்டுப்புதூரின் அறுபத்திரண்டு வீடுகளுக்கும் இனித் தண்ணீர் லாரி தேவையில்லை என்று இருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம். வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து வாங்கிக்கொள்வார்.

திலகமணி அதை இரண்டு முறை படித்தாள்.

"கையெழுத்துப் போட்டா லாரி நின்னுரும்."

"நிக்கட்டுமுங்க. கையேந்தினது போதும்."

"கண்டறிந்தன்னு போட்டிருக்காங்க."

"ஆமாங்க," என்றார் ஆறுச்சாமி. குரல் சற்றே தணிந்தது. அதுவரை அவர் பெயர் அச்சேறிய காகிதங்கள் எல்லாம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தவை.

அவள் பென்சிலை எடுத்தாள். முதல் புள்ளியிலிருந்து, கோட்டின் வளைவு கெடாமல், இடது பக்கமாக இழுத்துக்கொண்டே போனாள். தாளின் ஓரத்தில் பென்சில் நின்றது.

"எங்க வந்து முட்டுது பாருங்க."

அவர் குனிந்தார். "அறுபதுக்குக் கொஞ்சம் மேல."

"அங்க எத்தனை கரண்டித் தூள்?"

"அங்க ஏதுங்க தூள்? சைபர்."

"தூளே இல்லாம அறுபது போகுதுங்களா?"

"அது கோடு பண்ற தப்பு."

"அஞ்சு கரண்டிக்கிட்ட கோடு சரி. சைபர்கிட்ட மட்டும் தப்புங்களா?"

எத்தனையோ மேடையில், எத்தனையோ பெரிய மனிதர்களை அவர் இந்த மாதிரிக் கேள்வியால் மடக்கியிருக்கிறார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்பது இன்றுதான் தெரிந்தது.

"தூள் போடாத பானை எங்கீங்க தலைவரே?"

"தூள் போடாத பானையில பாக்கறதுக்கு என்ன இருக்குது?"

"அதைத்தான் கேக்கறேன்."

அவர் சந்தைக்குப் போய் ஆறு புதுப் பானை வாங்கிவந்தார். ஐந்தில் தூள். ஆறாவதில் தண்ணீர் மட்டும். சாயங்காலம் ஆறையும் வடிகட்டினார்கள். ஆறாவது பானைக்குப் போட்ட துணியைத் தனியாகப் பிழிந்து வைத்தாள். அந்தப் பானைத் தண்ணீரைச் சாயம் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தாள்.

"அறுபத்திமூணு."

"இன்னொரு தடவை பாருங்க."

இன்னொரு தடவை பார்த்தாள். அறுபத்திமூன்று.

ஆறுச்சாமி பானையைத் தூக்கி உள்ளே பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். அடியைத் தட்டினார். சுட்ட மண்ணும் வேட்டித் துணியும் அவருடைய வேலையை அவருக்கு முன்னாலேயே முடித்துவிட்டிருந்தன. அவர் அதை எளிதில் விடுகிற ஆள் இல்லை.

"அப்ப தூளே வேண்டாமுங்க. பானையே போதும். இன்னும் சுலபமாப் போச்சு."

அவள் சிரித்துவிட்டாள். "அப்படியும் இருக்கலாமுங்க. நாளைக்கும் இதே பானை, இதே துணி. தண்ணியும் தூளும் மட்டும் புதுசு. வேற மாத்தக் கூடாது."

பிறகு ஆறு குழாய்களில் ஆறு தண்ணீரை ஊற்றினாள். சாயக்கழிவோடு வருகிற விஷ உலோகமான குரோமியம் இருந்தால் ஊதாவாகிற மருந்தை ஒவ்வொன்றிலும் விட்டாள். அவர் பக்கம் திருப்பி வைத்தாள். ஆறும் ஊதாவாயின. எது அதிகம் எது குறைவு என்று சொல்ல முடியாதபடி ஒரே ஊதா.

"பானைக்கும் அது போகலை, உங்க தூளுக்கும் போகலை."

"இதை நான் அளக்கவே இல்லீங்களே."

"இல்லைங்க."

"அந்த டம்ளர்லயும் இது இருந்துச்சா?"

"இருந்துச்சு."

செவ்வாய்க்கிழமை ஆறாவது பானை நாற்பது என்றது. புதன்கிழமை பத்தொன்பது. வியாழக்கிழமை நான்கு. பானைக்கும் துணிக்கும் வயிறு நிறைந்துவிட்டது. ஊற்றிய தண்ணீர் ஊற்றிய நிறத்திலேயே இறங்கியது. துணி மட்டும் நல்ல சிவப்பேறியிருந்தது.

"கொடிக்கு ஆகுமுங்க," என்றார் ஆறுச்சாமி. சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை.

அன்று ஐந்து கரண்டிப் பானையிலும் எண்பத்தெட்டு இல்லை. முப்பத்தொன்று இருந்தது.

"முப்பத்தொண்ணுல நாலைக் கழிச்சா மீதி உங்க தூள் பண்ணினது," என்றாள் திலகமணி. "அது பொய் இல்லீங்க."

"அறுபத்திரண்டு வீடு அதை வெச்சு என்ன பண்ணும் அம்மணி?"

அவள் குழாய்களைக் கழுவப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை புதூரில் லாரிக்கு முன்னால் குடங்கள் வரிசையாக நின்றன. கடைசி லாரி என்று செய்தி பரவியிருந்ததால், அண்டா, வாளி, பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற தொட்டிவரை வந்திருந்தது. வரிசையில் முதலாவதாக நின்ற ராமாத்தாளுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்க தலைவரே, நாளையிலிருந்து உங்க தீர்த்தம்தானா? பானை நீங்களே வாங்கிக் குடுக்கறீங்களா, இல்ல அதுக்கும் ஒரு போராட்டமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரியும் சிரித்தார். காகிதத்தின்மேல் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

ஆறுச்சாமி பேனாவைத் தொடவில்லை.

"லாரி வரட்டுமுங்க. தூள் வேலை செய்யலை. என்னோட கணக்குத் தப்பு."

சிரிப்பு நின்றது. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததை அந்த ஊர் கேட்டதில்லை.

"போன வாரம் குடிச்சுக் காட்டினீங்களே?" என்றார் அதிகாரி.

"காட்டினேன். அதுவும் தப்பு."

"இப்படி வாயில சொன்னா எப்படி? மேல நான் என்ன பதில் சொல்றது? எழுதிக் குடுங்க."

ஊர் பார்க்க, நாற்காலியின் கைப்பிடியில் தாளை வைத்து அவர் எழுதினார். துண்டறிக்கை எழுதிப் பழகிய கை, எழுத்து முத்து முத்தாக விழுந்தது. 'நான் கண்டுபிடித்ததாகச் சொன்ன முறை பயன்படாது. தண்ணீரில் குரோமியம் இருக்கிறது. லாரி தொடர வேண்டும்.' கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ராமாத்தாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் எழுதி முடிக்கும்வரை நின்றாள்.

அதிகாரி தாளை மடித்து வைத்துக்கொண்டார். ஜீப்பில் ஏறும்போது திரும்பினார்.

"மூணு பட்டறைய மூட வெச்சேன்னு மேடைக்கு மேடை பேசுவீங்களே தலைவரே. அந்தக் கணக்காவது சரிங்களா? துணி ஆர்டர் நின்னு போச்சு, மூடினாங்க. நீங்க கத்தினாலும் மூடியிருப்பாங்க, கத்தாட்டியும் மூடியிருப்பாங்க."

ஆறுச்சாமி அதற்கு நூறு பதில் வைத்திருந்தார். தேதியோடு, ஆதாரத்தோடு, எத்தனையோ கூட்டத்தில் சொன்ன பதில்கள். இன்று ஒவ்வொன்றையும் அவரே சந்தேகத்தோடு எடுத்துப் பார்த்தார். ஜீப் போய்விட்டது.

அங்கிருந்து நேராகக் குடோனுக்கு நடந்தார். திலகமணி மதியச் சாப்பாட்டைத் திறந்து வைத்திருந்தாள். நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

"முப்பது வருசமுங்க அம்மணி. அதுல நான் பண்ணினது எத்தனை, தானா நடந்தது எத்தனை? தெரிஞ்சாகோணும்."

"தெரிஞ்சு?"

"செத்தா நிம்மதியாச் சாவேன்."

"முப்பது வருசத்துக்கு ஆறாவது பானை வேணுங்கறீங்க."

"ஆமாங்க. அது எங்க கிடைக்கும்?"

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து அலமாரியிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகிப் பார்த்து அவரிடம் கொடுத்தாள்.

"ஆத்தோட கீழ போனா தொட்டியங்காடு. அங்கயும் இதே மாதிரிப் பட்டறைங்க இருந்துச்சு. அங்க சங்கம் இல்லை, கூட்டம் இல்லை, யாரும் ஜெயிலுக்குப் போகலை. அந்த ஊர்க் கிணத்துத் தண்ணியக் கொண்டாங்க. புதூர்த் தண்ணியோட வெச்சுப் பாக்கலாம். வித்தியாசம் இருந்தா அது உங்க வேலையா இருக்கலாம்."

"அதுல தெரிஞ்சுருமுங்களா?"

"முழுசாத் தெரியாது. கொஞ்சம் தெரியும்."

ஆறுச்சாமி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். தொட்டியங்காட்டுக்கு மதியம் ஒரு பஸ் உண்டு.

வாசலில் நின்று திரும்பினார்.

"அங்க தண்ணி ரொம்ப மோசமா இருக்கோணும் அம்மணி."

திலகமணி சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பாட்டிலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அப்படி ஆசை இருந்தா தண்ணி எடுக்க நீங்க போக வேண்டாமுங்க," என்றாள்.