நீர்க்காகம் காட்டிய அளவு

பறவையும் மீனும் மனிதனும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்த காலம் அது. அப்போதெல்லாம் நீர்க்காகத்தின் இறக்கையில் தண்ணீர் ஒட்டாது. வாலடியில் இருந்த எண்ணெய்ப் பையை அலகால் தொட்டு உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். கடலுக்குள் முங்கி எழுந்தாலும் உலர்ந்தபடியே பறக்கும்.

அந்தக் கரையில் சேந்தன் என்று ஒரு மீன்காரன். அன்று அவன் தங்கை நங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் சீலா மீன் கேட்டிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் சீலா ஆழத்துக்குப் போய்விட்டது.

"கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கத்தரிக்காய்க் குழம்பா, மச்சான்?" என்று மாப்பிள்ளையின் அண்ணன் கேட்க, பந்தலே சிரித்தது. நங்கை சிரிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் சீலா வராவிட்டால் வந்த வழியே திரும்புவோம் என்று அவர்கள் சொல்லியாயிற்று.

சேந்தன் வள்ளத்தில் பாய் விரித்து, பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு ஓடினான். இரை மேலாகவே துள்ளி வந்தது. கயிற்றில் கல் கட்டினான். வள்ளம் நின்றால் கல் இறங்கியது. ஓடினால் மேலே வந்துவிட்டது. நிற்கிற இரையைச் சீலா சீண்டாது. ஓடுவதைத்தான் துரத்தும்.

வள்ளத்தின் முனையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த நீர்க்காகம், கயிற்றைத் தன் உடம்பில் கட்டினால் தானே ஆழத்துக்குக் கொண்டுபோவதாகச் சொன்னது. கூலிக்கு மீன் குடல் போதும். ஒன்றே ஒன்று கேட்டது.

"இரையை என்னைவிட்டு நன்றாகத் தள்ளிக் கட்டு, சேந்தா. சீலாவின் பல்லுக்கு இரை எது, நான் எது என்று தெரியாது."

சேந்தன் தலையாட்டினான். ஆனால் மீன் தின்கிற பறவை ஆயிற்றே என்று மனசு அரித்தது. தள்ளிக் கட்டினால் திரும்பி விழுங்கிவிடும், வாலுக்குச் சற்றுப் பின்னால் கட்டினால் அது திரும்ப இரையும் கூடவே திரும்பும், அலகு எட்டாது. பறவை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சாண் கயிறு மட்டும் விட்டு முடிச்சுப் போட்டான்.

பறவை இறக்கையைச் சரித்து முங்கியது. வள்ளம் இழுக்க இழுக்க, தண்ணீரே அதைக் கீழே அழுத்திக்கொண்டு போனது. ஒரு வெட்டு வெட்டியது கயிறு. பிறகு தொய்ந்தது. மேலே இழுத்தபோது இரையும் இல்லை, தூண்டிலும் இல்லை, பறவையின் எண்ணெய்ப் பையும் இல்லை. நனைந்த இறக்கையோடு அதனால் பறக்க முடியவில்லை.

சேந்தன் அதன் முகத்தைப் பார்க்காமலே, கரைக்குத் திரும்பிவிடலாம் என்றான்.

"என்னுடையது போனது போனதுதான். உன் தங்கை என்ன பாவம் செய்தாள்?" என்றது பறவை.

துடுப்பை உடைக்கச் சொன்னது. அதன் பலகையைத் தன் உடம்பு போலச் செதுக்கி, தனக்குப் பதிலாகக் கயிற்றில் தலை சரிந்து நிற்கும்படி கட்டச் சொன்னது. அதற்கும் இரைக்கும் நடுவே எவ்வளவு கயிறு விடுவது என்று சேந்தன் மெல்லக் கேட்டான். பறவை சொட்டச் சொட்ட இரண்டு இறக்கையையும் விரித்தது.

"என்னைப் போல நீயும் கையை விரி. அதில் ஒரு விரல் குறைத்தாலும் நீ மீன்காரன் இல்லை."

அவன் இரு கையையும் விரித்து, கயிற்றை மார்போடு பிடித்து அளந்து அறுத்தான்.

வெயில் தணியுமுன் சீலா மணலில் கிடந்தது. அதன் வாயில் முதல் தூண்டிலும் இருந்தது. குழம்பில் எண்ணெய் மிதந்தது. மாப்பிள்ளையின் அண்ணன் மறுசோறு கேட்டான். அந்த எண்ணெய் யாருடையது என்று தெரிந்த சேந்தன் மட்டும் இலையில் கை வைக்கவில்லை.

பலகை கட்டித் தூண்டில் இழுக்கிறவன் கையை விரித்து அளக்காமல் கயிறு அறுப்பதில்லை என்பது அன்று வந்த வழக்கம். நீர்க்காகமும் அன்றிலிருந்துதான், முங்கி எழுந்ததும் ஒரு கழியில் ஏறி, எவனாவது மறந்திருப்பானோ என்று இரண்டு இறக்கையையும் விரித்துக் காட்டிக்கொண்டே நிற்கிறது.