ஆமென் சொல்லாத ஜெபம்

செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சிறிய கிறிஸ்தவ ஆசிரமம் இருந்தது. அதை நடத்தி வந்தவர் சலோமி அக்கா. வேலூர்ப் பக்கத்துக்காரர், நாற்பத்தாறு வயது. அவரைவிட மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் அழைத்தார்கள்.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஞானாபரணமும் ஒருவர். வயது அறுபத்தொன்று. கால்நடை மருத்துவமனையில் முப்பத்து மூன்று வருடம் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த மருந்தைக் கொடுத்தாலும், இது உள்ளே போய் என்ன செய்யும் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கலக்குவார். டாக்டர்கள் சலித்துக்கொள்வார்கள். அவர் விடமாட்டார். ஆசிரமத்துக்கு வரத் தொடங்கிய பிறகும் அந்தக் குணம் மாறவில்லை. வியாழக்கிழமைதோறும் ஒரு கேள்வியோடு பஸ் ஏறி வருவார்.

ஊரில் அவருக்கு ஜெபக்காரர் என்று பெயர். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால், பாஸ்டருக்கு முன்னால் அவருக்குத்தான் ஆள் போகும்.

அந்த வியாழக்கிழமை அவர் வந்தபோது அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஞானாபரணம் எதிரில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார்.

"அக்கா, விசுவாசத்தை அளக்க முடியுமா?"

"எதுக்கு அளக்கணும்?"

"எவ்வளவு இருந்தா ஜெபம் கேக்கப்படும்னு தெரியணும். மருந்துக்கு ஒரு அளவு இருக்குல்லா? அதுக்குக் கீழ போனா வேலை செய்யாது. இதுக்கும் அப்படி ஒண்ணு இருக்கணுமே."

"யாருக்குக் குறைஞ்சுது அண்ணாச்சி?"

அவர் கீரையை உருவுவதை நிறுத்தினார். பிறகு சொன்னார்.

அவர் தெருவில் ஆசீர் என்று ஒருவர். தண்ணீர் லாரி டிரைவர். மனைவி தங்கக்கனி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பவள். பிள்ளைகள் இல்லை. ஆசீருக்கு மஞ்சள் காமாலை வந்து ஈரல் கெட்டுப்போனது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஞானாபரணம் தினமும் போய் ஜெபித்தார். முதல் நாளே தங்கக்கனியிடம் உறுதியாகச் சொன்னார்: விசுவாசத்தோட கேளு பிள்ள, ஒரு துளி சந்தேகம் வரக்கூடாது, உன் புருசன் எந்திரிச்சு வருவான்.

ஆசீர் எழுந்து வரவில்லை.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் ஞானாபரணம் அவளைப் பார்க்கப் போனார். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில இருந்த ஏழாவது நாள் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன் அண்ணாச்சி. வழியில பஸ்ல ஒரு நினைப்பு வந்துட்டு. இவிய போயிட்டா அந்த வீட்டுல நான் எப்படி ஒத்தையில இருப்பேன்னு. ஒரு நிமிசம்தான். உடனே அழிச்சுட்டேன். அந்த ஒரு நினைப்புலதான் எல்லாம் கெட்டுப்போச்சா?"

அக்கா கீரையைத் தள்ளி வைத்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. பேசாம எந்திரிச்சு வந்துட்டேன்."

"எப்போ இது?"

"மூணு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் அவ கோயிலுக்கு வரல. வீட்டுல ஜெபமும் கிடையாது. வசன காலண்டர்ல தாளைக்கூடக் கிழிக்கலன்னு பக்கத்து வீட்டுக்காரி சொன்னா." அவர் கொஞ்சம் தயங்கினார். "அக்கா, எனக்கும் ஒரு மாதிரி ஆயிட்டு. ஜெபிக்க வாயைத் திறக்கேன், வார்த்தை வருது. ஆனா ரேடியோ மாதிரி இருக்கு. என் சத்தம் எனக்கே கேக்கு, அவ்வளவுதான். ஊருல யாருக்கும் தெரியாது."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இனிமே யார் கூப்பிட்டாலும் ஜெபிக்கப் போகாதீங்க. அந்தத் தங்கச்சிகிட்டப் போங்க. உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுங்க."

ஞானாபரணம் தன் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தார்.

"அவளுக்காக நான் ஜெபிக்கணுமா?"

"இல்ல. உங்களுக்காக அவ."

"அவதான் ஜெபத்தை விட்டுட்டாளே அக்கா. விசுவாசம் இல்லாதவகிட்டப் போய்க் கேட்டா என்னத்துக்கு ஆகும்?"

"கேட்டுப் பாருங்க. எனக்கும் தெரியணும்."

மறுநாள் காலை அவர் போனார். தங்கக்கனி மெஷினில் இருந்தாள். சுற்றிலும் நீலத்துணி குவிந்து கிடந்தது. உட்காரச் சொன்னாள், காப்பி போட்டுக் கொடுத்தாள், மறுபடியும் தையலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"ஆளு மாத்தி வந்துட்டிய அண்ணாச்சி" என்றாள் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் கேட்டா நடக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்லா? நல்லா ஜெபிக்கிற ஆளாப் பாத்துக் கேளுங்க."

அவர் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினார்.

வியாழக்கிழமை அக்காவிடம் வந்து நடந்ததைச் சொன்னார்.

"உங்களுக்கு எதுக்கு ஜெபம்னு அவ கேட்டாளா?"

"கேக்கல."

"நீங்க சொன்னீங்களா?"

"சும்மா எனக்காக ஒரு ஜெபம் பண்ணுன்னேன்."

"சும்மா யாராவது கேப்பாங்களா? உள்ளதைச் சொல்லிக் கேளுங்க."

அன்றைக்கு ஊர் திரும்பும் வழியெல்லாம் ஞானாபரணம் உள்ளது எது என்று யோசித்துக்கொண்டே வந்தார். ஜெபம் வறண்டு போனதுதான் என்று முதலில் நினைத்தார். அதற்கும் அடியில் ஒன்று இருந்தது. அதை அவர் அக்காவிடமும் சொல்லியிருக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் மறுபடியும் தங்கக்கனி வீட்டுக்குப் போனார். இந்த முறை உட்காரவில்லை.

"பிள்ள, எனக்கு மூணு மாசமா ஜெபிக்க வரல. அதுக்காகத்தான் அன்னைக்கு வந்தேன். ஆனா இன்னும் ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லுதேன், கேட்டுக்க."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நாலாவது நாள் நான் ஆசீரைப் பாக்க வந்தேன்லா? நீ தண்ணி பிடிக்க வெளிய போயிருந்த. அவன் கண்ணைப் பாத்தேன். நான் முப்பது வருசமா மாடு கன்னு சாகுறதப் பாத்தவன். இவன் பிழைக்க மாட்டான்னு அன்னைக்கே எனக்குத் தோணிட்டு. நீ திரும்பி வந்ததும் உன்கிட்ட, சந்தேகப்படாத பிள்ள, விசுவாசமா இருன்னு சொன்னேன்."

மெஷின் நின்றது.

"அன்னைக்கு மட்டும் இல்ல. பத்தொன்பது நாளும் அப்படித்தான். மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணு. நீ பஸ்ல ஒரு நிமிசம் பயந்தேன்னு அடக்கம் முடிஞ்சு எட்டாம் நாள் சொன்ன. நான் அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல. எனக்குப் பேரு போயிருமேன்னு இருந்துட்டேன். பாரத்தை உன் தலையில ஏத்திட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."

தங்கக்கனி அவரையே பார்த்தாள். அவள் திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். போகச் சொன்னால் போய்விடலாம் என்றுகூட இருந்தது.

"நாலாவது நாளா?"

"ஆமா."

"நான் ஏழாவது நாள்."

"ஆமா பிள்ள."

"மூணு மாசமா நான் தூங்கல அண்ணாச்சி."

அவர் தலை குனிந்து நின்றார்.

அவள் மடியிலிருந்த நீலத்துணியை எடுத்து மெஷின் மேல் போட்டுவிட்டு எழுந்தாள். முக்காடு போடவில்லை. முழங்கால் போடவில்லை. கண்ணையும் மூடவில்லை. சுவரைப் பார்த்தபடி பேசத் தொடங்கினாள். யாரிடம் பேசுகிறாள் என்று முதலில் அவருக்கு விளங்கவில்லை.

"உம்மகிட்டப் பேசக்கூடாதுன்னுதான் இருந்தேன். உமக்கே தெரியும். பத்தொன்பது நாள் கேட்டேன். சாப்பிடாமக் கேட்டேன். நீர் தரல. ஏன் தரலன்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல. பஸ்ல ஒரு நிமிசம் பயந்தேனே, அதுக்கா? அதுக்குத்தான்னா, இவ்வளவு சின்ன மனசா உமக்கு? அதுக்கு இல்லன்னா அதையாவது சொல்லியிருக்கலாம்லா? நான் பாட்டுக்கு நான்தான் கொன்னுட்டேன்னு கிடந்தேன். பாத்துக்கிட்டே இருந்தீரே."

ஞானாபரணம் கண்ணை மூடியிருந்தவர், திறந்துவிட்டார்.

அவள் நிறுத்தவில்லை. ஆசீர் லாரியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்த தெருக்களைச் சொன்னாள். குடத்தோடு நிற்கும் கிழவிகளைப் பார்த்தால் அவர் முதலில் அவர்களுக்குத்தான் குழாயை நீட்டுவார் என்றாள். அப்படிப்பட்ட ஆளுக்குச் சாகும்போது நாக்கு வறண்டு கிடந்தது, அது உமக்குத் தெரியாதா என்று கேட்டாள். எதிரில் இருப்பவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்பது போலிருந்தது.

கடைசியில் அவள் குரல் தணிந்தது.

"இப்ப இந்த அண்ணாச்சி வந்து நிக்காவ. வாய் அடைஞ்சு போச்சாம். என்னைப் போய்க் கேக்காவ. இவியளுக்காவது கொடும். அவ்வளவுதான். எனக்கு இன்னும் கோவம் போகல, ஆமென் சொல்ல மாட்டேன்."

உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துணியை ஊசிக்கு அடியில் நேராக்கினாள்.

அவர் செருப்பைப் போடும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அண்ணாச்சி, வாய் திறந்துச்சா இல்லையான்னு வந்து சொல்லணும். சொல்லாம இருந்துராதிய."

அடுத்த வியாழக்கிழமை ஞானாபரணம் ஆசிரமத்துக்கு வந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். நாலாவது நாள் சங்கதியையும் சொன்னார்.

"திறந்துச்சா?" என்றார் அக்கா முடிவில்.

"அன்னைக்கு ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை கோயில்லயும் இல்ல. திங்கட்கிழமை ரேஷன் கடை வரிசையில நிக்கேன். முன்னால அவ நிக்கா. பையை மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டு. மூணு மாசத்துல மெலிஞ்சு போயிட்டா. அப்ப வந்துட்டு. 'ஆண்டவரே, இவளை விட்டுராதேயும்'னு. அவ்வளவுதான் அக்கா. அதுக்கு மேல வரல. ஆனா அது ரேடியோ இல்ல."

"அவகிட்டச் சொன்னீங்களா?"

"அங்க வச்சே சொன்னேன்."

"என்ன சொன்னா?"

ஞானாபரணத்துக்குச் சிரிப்பு வந்தது, சங்கடமாகவும் இருந்தது.

"'அப்ப உங்களுக்கு மட்டும் உடனே கொடுத்துட்டாரா?'ன்னா. பின்னால ஆளு நிக்கதைக்கூடப் பாக்காம, 'இது என்ன நியாயம் ஆண்டவரே'ன்னு ஆரம்பிச்சுட்டா. சீனி போடுறவரு தராசைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே முழிக்காரு."

அக்காவும் சிரித்தார்.

ஞானாபரணம் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவருக்குக் கேள்வி இன்னும் தீரவில்லை.

"ஆனா ஒண்ணு விளங்கல அக்கா. நான் கண்ணை மூடி, பணிஞ்சு, அழகா ஜெபிச்சேன். உள்ள ஒண்ணும் இல்ல. அவ கண்ணைத் திறந்துக்கிட்டுச் சண்டை போட்டா. அதுக்கு என்ன பேரு? நேத்து அவகிட்டயே கேட்டேன். 'என் விசுவாசம் ஆசீரோட சேந்து அடக்கமாயிட்டு, அதைப் பத்தி என்கிட்டக் கேக்காதிய'ன்னு சொல்லிட்டா. அவளே விசுவாசம் இல்லன்னு சொல்லுதா. அப்ப இதை எந்தக் கணக்குல சேக்க?"

"அன்னைக்கு வீட்டுல எவ்வளவு நேரம் சண்டை போட்டா?"

"கால் மணி நேரம் இருக்கும்."

"திங்கட்கிழமை?"

"வரிசை நகருத வரைக்கும்."

"நேத்து?"

"நான் போகும்போதே நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு."

சலோமி அக்கா எழுந்து சேலையை உதறிக்கொண்டார்.

"ஆள் இல்லாத வீட்டு வாசல்ல நின்னு யாராவது இவ்வளவு நேரம் சண்டை போடுவாங்களா அண்ணாச்சி?"